நீலம்னா எவ்வளவு?

எங்கள் டீமில் வெல்டிங் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. டிரைவருக்கு ஃபர்ஸ்ட் இயர் பசங்க மத்தியில் ரசிகர் மன்றமே உண்டு. 12 லேப்டாப்பில் ஒரே சாஃப்ட்வேரை ஒரே மாதிரி வேலை செய்ய வைத்தவனுக்கு என்ன உண்டு? ராத்திரி பதினொன்றரைக்கு "அண்ணா, ஓப்பன் ஆகல" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உண்டு. அந்த வேலையை ஒன்றரை வருஷம் பார்த்தேன். இப்போது ஒரு ஜூனியர் கையில் கொடுத்தாயிற்று. நம்ம காலேஜில் ராக்கெட் டீம், ட்ரோன் டீம், ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று எங்கே போனாலும் கடைசியில் எல்லாரும் ஸ்லைடில் போடுவது ஒரு கலர் படம்தான். அந்தப் படம் எப்படி வருகிறது என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மாணவர்களே டிசைன் போட்டு, மாணவர்களே செய்து, மாணவர்களே ஓட்டும் ஒற்றை சீட் ரேஸ் கார் எங்களுடையது. அதில் நான் ஏரோ. முன் விங், பின் விங், வண்டிக்கு அடியில் போகும் அண்டர்ட்ரே, இதெல்லாம் எங்கள் பிரிவு. காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்துவதுதான் விங்கின் வேலை. விண்ட் டனல் எல்லாம் நமக்கு எட்டாது. அதனால் கம்ப்யூட்டரில் காற்றை ஓட்டிப் பார்ப்போம். ஓப்பன்ஃபோம் என்ற இலவச சாஃப்ட்வேர். பாதி கார் மட்டும் எடுத்துக்கொண்டு (இடமும் வலமும் ஒன்றுதானே), சுற்றியுள்ள காற்றை ஏறக்குறைய 1 கோடி செல்லாக வெட்டி, விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விடுவோம். லேப் மூலையில் மானிட்டர் கூட இல்லாமல் ஒரு ஒர்க்ஸ்டேஷன் கிடக்கிறது, அது ராத்திரி முழுக்க ஓடும்.

காலையில் கையில் இருப்பது வெறும் எண்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு அழுத்தம், மூன்று திசையில் வேகம், இன்னும் சில. 1 கோடி வரி எண்ணை யார் உட்கார்ந்து படிப்பது? அதைப் படமாக்கத்தான் பாராவியூ. 2000-ல் கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து ஆரம்பித்தது, முதல் பொது வெளியீடு 2002-ல். சூப்பர் கம்ப்யூட்டரில் வரும் டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துப் படமாக்குவதற்காகச் செய்தது. அதையே நாம் 8 ஜிபி ராம் லேப்டாப்பில் ஹாஸ்டல் கட்டிலில் வைத்து ஓட்டுகிறோம். இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. இலவசம் என்பதால் ஆளாளுக்கு ஒரு நாள் ஒரு வெர்ஷனை இறக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான் முதல் பிரச்சினை.

ஒருவனிடம் உபுண்டுவோடு வந்த பழைய வெர்ஷன். இன்னொருத்தியிடம் போன வாரம் வெப்சைட்டில் இறக்கிய புதுசு. புதுசில் சேவ் செய்த ஸ்டேட் ஃபைலைப் பழையதில் திறந்தால் பாதி ஃபில்டர் காணாமல் போகும், இல்லையென்றால் திறக்கவே திறக்காது. ஸ்டேட் ஃபைல் என்பது படம் இல்லை, டேட்டாவும் இல்லை. எந்த ஃபைலை எடு, எங்கே வெட்டு, எந்தக் கலர் பூசு, கேமராவை எங்கே வை என்ற சமையல் குறிப்பு மாதிரி. குறிப்புக்குள் டேட்டா இருக்கும் இடத்தின் முழு முகவரியும் இருக்கும். உங்கள் லேப்டாப்பில் டி டிரைவில் இருந்த ஃபோல்டர் என் லேப்டாப்பில் எங்கே இருக்கும்? அதற்குத் திறக்கும்போதே "இந்த ஃபோல்டருக்குள் தேடு" என்று சொல்லும் வசதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் "உன் ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுடா" என்று எத்தனை சண்டை!

லேப் மெஷினோடு நேரடியாக இணைந்து பார்க்கும் வசதியும் உண்டு. கணக்கு, வெட்டுதல், படம் வரைதல் எல்லாம் அங்கே நடக்கும். நம் லேப்டாப்புக்குப் படம் மட்டும் வரும். ஆனால் அங்கேயும் இங்கேயும் வெர்ஷன் ஒன்றாக இருந்தால்தான் கை கொடுக்கும். அதனால் முதல் வேலையாக ஒரு வெர்ஷனை நிர்ணயித்தேன். போட்டி முடியும் வரை யாரும் அப்டேட் பண்ணக்கூடாது. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என ஜிப் ஃபைலை லேப் டிரைவில் வைத்தேன். நல்லவேளையாக இதை இன்ஸ்டால் கூடப் பண்ண வேண்டாம், பிரித்துவிட்டு அப்படியே ஓட்டலாம். அட்மின் பாஸ்வேர்டுக்காக லேப் அசிஸ்டெண்ட் சார் பின்னால் அலையும் வேலை மிச்சம்.

இந்த வெர்ஷன் சமாச்சாரம் எல்லாம் எரிச்சல்தானே தவிர ஆபத்து இல்லை. திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆபத்தானது, நன்றாகத் திறந்து, அழகாகத் தெரிந்து, ஆனால் வேறு ஒன்றைச் சொல்லும் படம்.

பின் விங்குக்கு இரண்டு டிசைன் இருந்தது. ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். ஏ-யில் மூன்று இறக்கை, பி-யில் இரண்டு. கணக்கில் ஏ கொஞ்சம் அதிகமாக அழுத்தியது, 2 சதவீதம் மாதிரி. கணக்கு ஓடி முடியும்போது அந்த எண்ணே ஒன்றிரண்டு சதவீதம் மேலும் கீழும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆக, இரண்டும் சமம் என்றுதான் சொல்ல வேண்டும். மோல்டு வெட்ட சிஎன்சி கடையில் நேரம் வாங்கியாகிவிட்டது, ஒரு முறை வெட்டக் கொடுத்தால் பணம் போனது போனதுதான். ஏரோ ஹெட் அக்கா முடிவு எடுக்க மீட்டிங் போட்டார். புரொஜெக்டரில் இரண்டு படம், பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேர் தனித்தனியாகத் தங்கள் லேப்டாப்பில் எடுத்தது. விங்குக்கு அடியில் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. குறைந்த அழுத்தம் நீலம். ஏ-யின் அடிப்பக்கம் மை கொட்டினது போலக் கருநீலம். பி-யில் வெளிறிய பச்சையும் மஞ்சளும். அறையில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரிந்துவிட்டது. "எண் சமமா இருக்கலாம், ஆனா ஏ-ல பொட்டென்ஷியல் இருக்கு, ட்யூன் பண்ணா எகிறும்" என்றார் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர். இரண்டு சதவீதம் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கலர் சொன்னதைக் கேட்டார்கள்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து செகண்ட் இயர் தம்பி ஒருவன், வாயே திறக்காதவன், மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, கீழ இருக்கிற நம்பர் ரெண்டுலயும் வேற வேறயா இருக்கே. ஏ-ல மைனஸ் ரெண்டரை வரைக்கும்தான். பி-ல மைனஸ் ஆறு வரைக்கும் போகுது."

அவ்வளவுதான் விஷயம். பி-யின் இறக்கை நுனியில் ஒரே ஒரு மோசமான செல். அதில் மைனஸ் ஆறு என்று ஒரு அர்த்தமில்லாத எண். பாராவியூ எப்போதும் செய்வது போல இருக்கிறதிலேயே சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் எடுத்து, அதற்கு இடையில் கலரைப் பரப்பியிருக்கிறது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு டேட்டாவைப் பார்க்கும்போது அதுதான் சரியான பழக்கம், முழு டேட்டாவும் கண்ணில் படும். இரண்டு படத்தை ஒப்பிடும்போது அதே பழக்கம் கழுத்தை அறுக்கும். மைனஸ் இரண்டு என்ற அதே அழுத்தம் ஒரு படத்தில் நீலம், இன்னொன்றில் பச்சை. படம் எடுத்த இரண்டு பேர் மேலும் குறை சொல்ல முடியாது, யாரும் எந்த செட்டிங்கையும் தொடவில்லை. தொடாததுதான் காரணம்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் மைனஸ் மூன்றிலிருந்து ஒன்று வரை என்று ஒரே அளவில் வைத்துத் திரும்ப எடுத்தோம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. பிறகு பேச்சு எடை, செய்ய ஆகும் நாள், இறக்கைக்கு இடையில் உள்ள இடைவெளியைச் சரியாகப் பிடிக்கும் கஷ்டம் என்று போனது. பி-யை எடுத்தோம். செய்யச் சுலபமான விங், ஒரு இறக்கை குறைவு. டிசைன் ஜட்ஜ் முன்னால் "ஏன் இது?" என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல ஒரு பதிலும் இருந்தது.

மீட்டிங் முடிந்து டீக்கடையில் அந்தத் தம்பியிடம் கேட்டேன், எப்படிடா உனக்கு மட்டும் நம்பர் கண்ணில் பட்டது என்று. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தான். "எனக்கு அந்தக் கலர்ல பாதி ஒரே மாதிரிதாண்ணா தெரியும். சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியா வராது. அதான் எப்பவும் நம்பரைத்தான் பார்ப்பேன்." டீமில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஏண்டா என்றதற்கு, "ஏரோல இருந்து எடுத்துட்டு மார்க்கெட்டிங்ல போட்டுருவீங்கன்னு" என்றான். அவன் மாமா ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வெல்லாம் பாஸ் செய்து, கண் டெஸ்ட்டில் திரும்பி வந்தவராம். வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்களாம். இது பெரும்பாலும் அம்மா வழியாக வருவது. எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் ஆண்களுக்குத்தான் அதிகம். நம்ம டிபார்ட்மெண்டில் இத்தனை பசங்க இருக்கோம், அவன் ஒருத்தன் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து என் வேலை மாறியது. அதுவரை எல்லாருக்கும் சாஃப்ட்வேர் ஓடினால் போதும் என்று இருந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே படம் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

முதலில் கலர். சிஎஃப்டி என்றாலே ஞாபகம் வரும் அந்த வானவில், அதற்கு ஜெட் என்று பெயர். கருநீலத்தில் ஆரம்பித்து, வெளிர்நீலம், பச்சை, மஞ்சள் வழியாக அடர்சிவப்பில் முடியும். பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் அதன் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் வெளிர்நீலமும் மஞ்சளும் பளிச்சென்று அடிக்கும், இரண்டு ஓரமும் இருட்டு. அதனால் டேட்டாவில் எந்தக் கோடும் இல்லாத இடத்தில் கண்ணுக்கு ஒரு கோடு தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஜெட் படத்தை ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மிக அதிக அழுத்தமும் மிகக் குறைந்த அழுத்தமும் ஒரே சாம்பல் நிறத்தில் வரும். எங்கள் பழைய ரிப்போர்ட் எல்லாம் செலவு மிச்சம் என்று கருப்பு வெள்ளையில்தான் எடுத்து பைண்ட் பண்ணியிருந்தார்கள்!

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, உலகமே எப்போதோ கைவிட்டது. மேட்லேப் 2014-ல் ஜெட்டைத் தூக்கிவிட்டு பருலா என்ற கலருக்கு மாறியது. பைத்தானில் எல்லாரும் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் 2017-ல் விரிடிஸுக்கு மாறியது. விரிடிஸ் கரும் ஊதாவில் ஆரம்பித்து பச்சை வழியாக மஞ்சளில் முடியும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும், சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் விளங்கும், ஜெராக்ஸிலும் பிழைக்கும்.

பாராவியூவில் ரொம்ப காலமாக முதலில் வந்துகொண்டிருந்தது ஒரு பக்கம் நீலம், நடுவில் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கென்னத் மோர்லேண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் எழுதியது. நல்ல கலர்தான், ஆனால் நடுவில் வெள்ளைக்கு ஒரு அர்த்தம் இருந்தால். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்க அது சரி. மைனஸ் மூன்றிலிருந்து ஒன்று வரை எங்கள் அளவுகோலில் நடு என்பது மைனஸ் ஒன்று. மைனஸ் ஒன்றில் காற்றுக்கு என்ன விசேஷம்? ஒன்றும் இல்லை. அதனால் அழுத்தத்துக்கு விரிடிஸ், இரண்டு டிசைனைக் கழித்து வித்தியாசம் காட்டும் படத்துக்கு மட்டும் நீலம் சிவப்பு, வெள்ளை சரியாகப் பூஜ்யத்தில்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? அதே ஃபைனல் இயர் அண்ணன், "ரெயின்போ இல்லன்னா அது சிஎஃப்டி மாதிரியே இல்லடா, ஏதோ கத்தரிக்காய் மாதிரி இருக்கு" என்றார். அது ரசனை, விட்டுவிடலாம். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: "மூணு வருஷ ரிப்போர்ட் ஜெட்ல இருக்கு. நீ மாத்திட்டா பழசையும் புதுசையும் எப்படி ஒப்பிடுவ?" அதில் நியாயம் இருந்தது. பழைய கேஸ் ஃபோல்டர்களைத் தோண்டி எடுத்துப் புதுக் கலரில் திரும்பப் படம் எடுத்தோம். இரண்டு வருஷத்துக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தையதை யாரோ இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். அந்தக் கார் எப்படி இருந்தது என்பதற்கு இப்போது ஒரு வானவில் மட்டும்தான் சாட்சி, அதன் கீழே எண்கள் கூட இல்லை. ஸ்பான்சர் போஸ்டருக்கு மட்டும் ஜெட் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனது. போஸ்டரைப் பார்த்து யாரும் மோல்டு வெட்டப் போவதில்லை.

அடுத்தது அளவுகோல். இதில் ஒரு பொறி இருக்கிறது, ஓப்பன்ஃபோம் தொடுகிற எல்லாரும் கவனியுங்கள். நாம் ஓட்டும் வகைக் கணக்கில், காற்றின் அடர்த்தி மாறாது என்று வைத்துக்கொள்ளும்போது, அழுத்தம் என்று வருவது பாஸ்கலில் இல்லை. அடர்த்தியால் வகுத்த அழுத்தம். யாரோ ஸ்லைடில் பாஸ்கல் என்று போட்டுவிட்டால் ஜட்ஜ் ஒரே கேள்வியில் பிடிப்பார். நாங்கள் பாஸ்கலுக்கே போகவில்லை. வேகத்தின் வர்க்கத்தில் பாதியால் வகுத்துவிட்டோம். 15-ன் வர்க்கம் 225, பாதி 112.5. கால்குலேட்டர் ஃபில்டரில் ஒரு வரி. வருவது அழுத்தக் கெழு, சிபி. அடர்த்தி தானாக அடிபட்டுப் போகும், வேகம் மாறினாலும் படங்களை ஒப்பிடலாம்.

சிபி-யில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்குள் ஒரு செக் இருக்கிறது. மூக்கு நுனியில் காற்று மோதி முழுசாக நிற்கும் இடத்தில் சிபி 1 வர வேண்டும். 1.4 வந்தால் எவனோ வேகத்தை மாற்றிவிட்டு 112.5-ஐ மாற்றவில்லை என்று அர்த்தம். முதலில் முழு வண்டியிலும் இந்தச் செக்கை வைத்திருந்தோம், எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. பார்த்தால், சுழலும் டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிபி நிஜமாகவே 1-ஐத் தாண்டும். டயரும் தரையும் சேர்ந்து காற்றை உள்ளே இழுத்துப் பிதுக்கும் இடம் அது. கரும்பு மெஷினில் கரும்பு நுழையும் வாய் மாதிரி. அதனால் செக் மூக்குக்கு மட்டும்.

அளவை நிரந்தரமாக்கினால் இன்னொரு பயம்: மைனஸ் மூன்றுக்குக் கீழே போகிற இடம் எல்லாம் ஒரே ஊதாவில் மறைந்துவிடுமே? அதற்குத்தான் எல்லைக்கு வெளியே போகிற எண்ணுக்குத் தனிக் கலர் வைக்கும் வசதி. கலர் எடிட்டரில் ஒரு டிக். என்ன கலர் என்பதை அந்தத் தம்பியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நாலைந்து மாற்றிப் பார்த்துவிட்டு வெளிறிய ஆரஞ்சு வைத்தான். கரும் ஊதா விங்கில் மிளகு மாதிரி ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் ஒன்று மெஷ் கெட்டிருக்கிறது, இல்லை நிஜமாகவே அங்கே காற்று உறிஞ்சுகிறது. எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டும். பி விங்கின் அந்த ஒற்றைச் செல் இப்போதிருந்தால் முதல் படத்திலேயே மாட்டியிருக்கும்.

கேமராவும் அப்படியே. பெர்ஸ்பெக்டிவில் எடுத்தால் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். ஒப்பிடும் படம் எல்லாம் பேரலல் புரொஜெக்ஷன், கேமரா நிலைகளை ஃபைலில் சேமித்து எல்லாருக்கும் கொடுத்தோம். இன்னொரு சின்ன விஷயம்: அழுத்தம் என்று தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பெயர் வரும், ஒன்றின் பக்கத்தில் புள்ளி, இன்னொன்றின் பக்கத்தில் கட்டம். புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துச் செல்களோடு கலந்து வழவழப்பாக வரும். கட்டம் உண்மையான செல் மதிப்பு, சொரசொரப்பாக இருக்கும். ஸ்லைடுக்கு எல்லாரும் வழவழப்பைத்தான் எடுப்பார்கள். மெஷ் எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று சொரசொரப்பில்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு கட்டப் படம், மெஷ் கோடுகளோடு, கட்டாயம்.

இதையெல்லாம் 12 பேர் கையால் செய்தால் 12 விதமாக வரும். பாராவியூவில் ட்ரேஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆன் பண்ணிவிட்டு நீங்கள் மவுஸால் செய்வதை எல்லாம் செய்தால், முடிவில் அத்தனையையும் பைத்தான் கோடாக எழுதிக் கொடுக்கும். கோடு அசிங்கமாக இருக்கும், நீங்கள் கேமராவைச் சும்மா சுழற்றியது கூட அதில் வந்திருக்கும். வெட்டிக் குறைத்தால் நல்ல ஸ்கிரிப்ட். அதை மேக்ரோவாக வைத்தால் மேலே ஒரு பட்டன் ஆகிவிடும், ஃபர்ஸ்ட் இயர் பையன் கூட அழுத்தலாம். அதே ஸ்கிரிப்டைத் திரையே இல்லாமல் லேப் மெஷினில் பிவிபேட்ச் மூலம் ஓட்டலாம். கணக்கு முடிந்ததும் தானாக 14 படம், ரன் நம்பரோடு பெயர் வைத்து, ஷேர்டு ஃபோல்டரில் வந்து விழும். காலையில் மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்க்கலாம்.

லேப்டாப் திணறல் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. 1 கோடி செல்லுக்கு வேகம் மட்டும் கணக்குப் போட்டால் செல்லுக்கு 3 எண், எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 120 எம்பி. அது போதாதென்று மெஷ்ஷின் வடிவம் அதைவிடப் பல மடங்கு தின்னும். அதன் மேல் கிளிப் என்று பாதியாக வெட்டினால் இன்னொரு பெரிய காப்பி உண்டாகும், 8 ஜிபி லேப்டாப் அங்கேயே மூச்சை விடும். ஸ்லைஸ் என்றால் வெட்டிய பரப்பு மட்டும். அதனால் ஸ்லைஸ்களையும் வண்டியின் மேற்பரப்பையும் லேப் மெஷினே தனி ஃபைலாக எழுதித் தரும், லேப்டாப்பில் அதை மட்டும் திறந்தால் போதும்.

தமிழில் லேபிள் போடும் ஆசையும் ஒரு நாள் வந்தது. இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு அது புரியும். சொந்த ஃபான்ட் ஃபைல் கொடுக்கும் வசதி இருக்கிறது, கொடுத்தோம். "வேகம்" என்று அடித்தால் கொம்பு வகரத்துக்கு அப்புறம் போய் நின்றது. "அழுத்தம்" அதைவிட மோசம், ழுகரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எழுத்துகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரைவதால், தமிழுக்குத் தேவையான சேர்ப்பும் இடமாற்றமும் அங்கே நடப்பதில்லை. கடைசியில் தலைப்பை வேறு இடத்தில் படமாகச் செய்து, லோகோ ஒட்டும் வசதியில் ஒட்டினோம். குறுக்கு வழிதான். ஆனால் ஒரு தமிழ்த் தலைப்போடு ரன் ரிப்போர்ட் வந்த அன்று குரூப்பில் விழுந்த ஹார்ட்டை வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை.

14 படம் தானாக வருவதில் எனக்கு ஒரு குறை உண்டு. வசதி வந்ததும் யாரும் மாடலைச் சுழற்றிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். 14 கோணத்தில் இல்லாத விஷயம் இந்த உலகத்திலேயே இல்லை என்பது போல. அதனால் ஒரு விதி போட்டேன்: ஒவ்வொரு ரன்னுக்கும் ஆளுக்கு ஒரு படம் சொந்தமாக எடுக்க வேண்டும், எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும், அளவுகோல் மட்டும் மாறக்கூடாது. முணுமுணுத்தார்கள். முன் டயரிலிருந்து கிளம்பும் சுழல் ஒன்று நேராக அண்டர்ட்ரே வாயில் போய் நுழைவது அப்படி எடுத்த ஒரு படத்தில்தான் தெரிந்தது. எடுத்தவள் வண்டிக்குக் கீழே தரைமட்டத்தில் கேமராவை வைத்து, பின்னாலிருந்து ஸ்ட்ரீம்லைன் விட்டிருந்தாள். அந்தக் கோணத்தை நான் யோசித்தே இருக்க மாட்டேன். இப்போது அது 15-வது படம்.

எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கிறது: எந்த வெர்ஷன் என்ற ஒரு வரி, கலர் மேப் ஃபைல், செட்டிங்ஸ், கேமரா நிலைகள், ஸ்கிரிப்ட். கிட்டில் போட்டாயிற்று, யார் எப்போது எதை ஏன் மாற்றினார்கள் என்று எழுதாமல் மாற்ற முடியாது. சீனியர்ஸ் பாஸ் அவுட் ஆகும்போது அவர்கள் லேப்டாப்போடு எல்லாம் போய்விடும் வழக்கம் எங்களுக்கு உண்டு, அதற்காகத்தான்.

ஃபோல்டர் இப்போது அந்தத் தம்பி கையில். தேர்ட் இயர் வந்துவிட்டான், கண் விஷயம் டீமில் எல்லாருக்கும் தெரியும், யாரும் மார்க்கெட்டிங்கில் போடவில்லை. போன வாரம் மெசேஜ் பண்ணினான். புது முன் விங்கில் தரைக்குப் பக்கத்தில் பாதி இடம் ஆரஞ்சாக வருகிறதாம். மெஷ் சரியாக இருக்கிறது, நிஜமான உறிஞ்சல்தான். மைனஸ் மூன்றை மைனஸ் நாலு ஆக்கலாமா, ஆக்கினால் பழைய ரன்கள் எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டுமே என்று கேட்டான். நான் முன் விங்குக்கு மட்டும் தனி அளவு வைக்கச் சொன்னேன். "அப்புறம் ஒரே ஸ்லைடுல முன் விங்கும் பின் விங்கும் வந்தா என்னண்ணா பண்றது?" என்றான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.